திரும்பிப் பார்க்காமல் நடந்தவன்

சனிக்கிழமை இரவு, மெரிலேண்ட்ஸ்.

விருந்தாளிகளிடம் இன்றும் அதே கதையைச் சொன்னேன். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் படகேறப் போன அன்று, திரும்பியே பார்க்காமல் நடந்தேன் என்று.

அந்தக் குழந்தைதான் இப்போது பல்கலைக்கழகத்தில் கிரேக்கக் காவியம் படிக்கிறாள். "அதிலயும் ஒரு அப்பா சண்டைக்குப் போறார். தலைக்கவசத்தைக் கண்டு பிள்ளை அழ, அதைக் கழட்டி வச்சிட்டுத் தூக்கிக் கொஞ்சுறார். மனுசி அழுறா. பிறகும் போறார். அப்பா, நீங்கள் போகேக்க அம்மா அழுதவவோ?"

"இல்லை. உன்ர அம்மா தைரியசாலி," என்றேன்.

குசினியிலிருந்து ரோல்ஸ் தட்டோடு வந்த மனைவி அதை என் முன்னால் வைத்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள்தான் திரும்பியே பாக்கேல்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

இப்போது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். விழித்துத்தான் இருக்கிறாள். அன்றைக்கு அழுதாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.