குரலை விழுங்காத ஜெனரேட்டர்

தை 3, வெள்ளி

மழை விட்டது. காற்று மட்டும் மிச்சம். புயல் போய் நாலு நாள், இந்தத் தீவில் எங்கள் சேன் பியேர் ஊரில் இன்னும் கரண்ட் இல்லை. கம்பங்கள் கரும்புக்குள் சாய்ந்து கிடக்கின்றன. பூசத்துக்குள் வருமா என்று கேட்டால் பக்கத்து வீட்டுத் தேவி கையை விரிக்கிறாள். அவள் வேலை செய்யும் ஸ்வெட்டர் ஃபாக்டரியில் மட்டும் சொந்த மோட்டார் போட்டு ராத்திரி ஷிப்டும் ஓடுகிறதாம்.

வாங்கியது: மெழுகுவத்தி 2 கட்டு, மண்ணெண்ணெய், பால் பவுடர், கற்பூரம். தேங்காய் இல்லை. இருந்த ஒன்றும் அழுகல்.

இன்று கோயிலில் கொடியேற்றம். கமிட்டித் தலைவர் குப்பன், இங்கத்து வழக்கில் மிஸ்யே குப்பன், பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அவர் மச்சான் கடற்கரையில் ஹோட்டல் கட்டுகிறார், அங்கிருந்து. வாடகை இல்லை. "சும்மா தரான், மதாம். சும்மா!" என்று என்னிடமே இரண்டு தரம் சொன்னார். கோயில் கணக்கு நான் எழுதுகிறேன் அல்லவா, நான் சந்தோஷப்படுவேன் என்று.

சந்தோஷப்பட்டேன். அது ஓட ஆரம்பிக்கும் வரை.

மண்டபத் தூணெல்லாம் அதிர்ந்தது. மைக்கில் ஒரே உறுமல், அணைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் ஓதுவார். இவர் பதிகம் தொடங்கினார், வாய் அசைவதுதான் தெரிந்தது. இவருக்கு அது பொறுக்குமா? அதோடு போட்டிக்கு நின்றார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி. ஒரு மணி நேரம். முருகா, நீயாவது கேட்டாயா?

வீட்டுக்கு வந்து வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு.

தை 4, சனி

வெயில். போர்வைகள் உலர்த்தினேன்.

இவருக்குக் குரல் இல்லை. காலையில் "காபி" என்று கேட்டது காற்றாக மட்டும் வந்தது. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன்.

தேவி கூட வந்தாள், டாக்டரிடம் பேச. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். குரல் நாணில் சின்னதாக ஒரு முடிச்சு. மூன்று நாள் வாயே திறக்கக்கூடாது. பிறகு ஒரு மாதம் மெதுவாகப் பேசலாம், மெதுவாகப் பாடலாம், உரக்கக் கூடாது. "இன்னொரு தரம் இப்படிக் கத்தினால் திரும்பி வரும் என்று நான் சொல்லமாட்டேன்" என்றாராம். தேவி அதை எனக்குத் தமிழில் சொல்வதற்குள் அவள் கண்ணே கலங்கிவிட்டது.

ஆறு வருஷம் முன்னால் தஞ்சாவூரிலிருந்து இவரை இங்கே வரவழைத்ததே இந்தக் குரலுக்காக. மாதக் கடைசியில் கமிட்டி கூடி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். குரல் இல்லாத ஓதுவாரை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? ஒப்பந்தம் கிடக்கட்டும். பாடாமல் இவர்தான் என்ன செய்வார்?

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தேவி பார்த்தும் பார்க்காத மாதிரி.

தை 6, திங்கள்

புழுக்கம். பால் இரண்டு தரம் திரிந்தது.

கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் சிலேட்டை வைத்துக்கொண்டு இவர் எழுதி எழுதிக் காட்டுகிறார். காலையிலிருந்து எழுதியவை: காபி. / உப்பு குறைவு. / குப்பன் வந்தாரா? / நான் நன்றாகத்தான் இருக்கிறேன். / உப்பு இப்போது அதிகம்.

வாயால் சொன்னால்கூட இவ்வளவு குறை சொல்லமாட்டார்.

மிஸ்யே குப்பன் மாலையில் வந்தார். கஸ்டம்ஸ் ஆபீஸ் உடுப்போடு அப்படியே. சங்கடமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பூசத்துக்கு இவர் பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும், கேசட் போட்டுக்கொள்ளலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இவர் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் சொன்னேன்: "மைக் மட்டும் ஒழுங்காக இருந்தால் அவர் மெதுவாகப் பாடலாம். டாக்டர் அதற்குத் தடை சொல்லவில்லை. அந்த லாரி மோட்டார்தான் வேண்டாம். சத்தம் போடாத சின்னது ஒன்று வாங்கிவிடுங்கள். வருஷா வருஷம் புயல் வருகிறது, கோயிலுக்கே இருக்கட்டும்."

"சின்னதா? த்ரோ தி, மதாம், ரொம்பச் சின்னது! கோயில் எவ்வளவு பெரிசு!"

"கோயில் பெரிசுதான். கோயிலுக்கு வேண்டிய கரண்ட் எவ்வளவு?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் பல்பின் தலையில் எழுதியிருக்கும், ஆம்ப்ளிஃபையரின் முதுகில் எழுதியிருக்கும். அவர் காரிலேயே கோயிலுக்குப் போய் டார்ச் அடித்து எழுதி வந்தேன்:

ஆம்ப்ளிஃபையர் 120
கருவறை பல்பு 40
மண்டபம் ட்யூப் லைட் இரண்டு 80
மடப்பள்ளி 60
ஆக 300 வாட்.

லாரி மோட்டார் எத்தனை ஆயிரம் வாட் என்று அவரே சொன்னார், சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒரு டம்ளர் பாலுக்கு லாரி அனுப்பிய கதை. நாளை போர் லூயிப் பட்டணத்துக் கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். இவரையும் கூட்டிப்போகச் சொன்னேன். வந்து கேட்க வேண்டியவர் இவர்தானே.

தை 7, செவ்வாய்

போர் லூயி. காரில் நாலு பேர். தேவிக்கு ராத்திரி ஷிப்ட், தூங்காமல் வந்தாள். பாவம், வழியெல்லாம் என் தோளில்.

இரும்புச் சாமான் கடை, சீனர் ஒருவருடையது. மூன்று ரகம் காட்டினார்.

ஒன்று டீசல். தொடவே இல்லை.

இரண்டாவது பெட்ரோல். கம்பிச் சட்டத்துக்குள் இஞ்சின் வெளியே தெரிகிறது. விலை குறைவு, வாட் அதிகம். மிஸ்யே குப்பனுக்கு உடனே பிடித்துவிட்டது. தட்டிக்கூடப் பார்த்தார், குதிரையைத் தட்டுகிற மாதிரி.

மூன்றாவது சூட்கேஸ் மாதிரி மூடிய பெட்டி. ஐந்நூறு வாட். விலை முன்னதைவிட அதிகம். உள்ளே இன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறதாம், கரண்டைச் சலித்துச் சீராக்கி அனுப்புமாம். விளக்கு ஏறி இறங்காது, மைக்கில் உறுமல் வராது. வேலை குறைந்தால் தானே மெதுவாக ஓடும். "தபாஜ் இல்லை" என்றார் கடைக்காரர், இரைச்சல் இல்லை என்று. ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். ஒரு தண்ணீர்க் குடத்தின் கனம்தான். நானே கோயிலுக்குக் கொண்டுபோய்விடலாம்.

இரண்டையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். கடைப் பின்முற்றத்தில் வைத்து ஓட்டினார். முதலில் கம்பிச் சட்டம். இவரை அதன் பக்கத்தில் நிற்கவைத்து, "ஏதாவது சொல்லுங்க, மெதுவா" என்றேன். நான் முற்றத்து மறு கோடிக்குப் போய் நின்றேன். இவர் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு பெட்டி. ஒரு உறுமல், அப்புறம் பெரிய வண்டு பறக்கிற மாதிரி. மூன்று நாளில் முதல் தடவையாக இவர் குரல்.

"பசிக்குது, மங்களம்."

அங்கிருந்து தெளிவாகக் கேட்டது. மிஸ்யே குப்பனுக்கும் கேட்டது. தேவிக்கும். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் உள்ளே போய் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து நீட்டினார். எல்லோரும் சிரித்தோம். செவ்வாய் விரதம் என்று இவர் வாங்கவில்லை. கும்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து முறைத்தார்.

மிஸ்யே குப்பன் இன்னும் அந்தக் கம்பிச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மதாம், காசு அதிகம். கமிட்டி கேக்கும்."

"கேட்டால், அதில் வாட் வாங்கலாம், இதில் ஐயா குரல் கேட்கும் என்று சொல்லுங்கள்."

தேவி அதை இங்கத்துப் பேச்சான கிரயோலில் இன்னும் காரமாகச் சொல்லியிருப்பாள் போல. மிஸ்யே குப்பன் பர்ஸை எடுத்துவிட்டார்.

தை 8, புதன்

தூறல். உளுந்து, அரிசி ஊறப்போட்டாச்சு.

புது மெஷினுக்குப் பூஜை. கோயிலுக்கு வந்தது எதுவானாலும் இவருக்கு மஞ்சள், சந்தனம், குங்குமம் வேண்டும். காற்றுப் போகிற துவாரத்திலேயே சந்தனத்தை அப்பப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சூடத் தட்டோடு வந்தார். பெட்ரோல் ஊற்றிய கை ஈரம்கூடக் காயவில்லை எனக்கு!

"என்னங்க, கோயிலையே கொளுத்தப் போறீங்களா?"

"கற்பூரம் காட்டாம எப்படி?" மெல்லிசாக, கோபமாக. மெல்லிசான கோபம் பார்க்க நன்றாக இருக்கிறது.

வேப்பமரத்தடியில் நின்று தூரத்திலிருந்தே காட்டினார். மூக்கில் ஒரு பொட்டு மட்டும். எது அதற்கு மூக்கு என்று நாங்களே முடிவு செய்தோம்.

மண்டபத்துக்கு வெளியே, மதிலோரம், மழை படாமல் மேலே தகரம். புகை உள்ளே வரக்கூடாது என்று கடைக்காரர் அழுத்திச் சொன்னார். ஓட்டிப் பார்த்தோம். மைக் சுத்தமாக இருக்கிறது. தேவி "பூசம், பூசம், ஒன்று இரண்டு" என்று சொல்லிப் பார்த்தாள்.

மெஷினில் ப்ளக் சொருகும் இடத்தில் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டினேன்: கோயில் மைக், கோயில் விளக்கு தவிர வேறு எதுவும் கூடாது. தேவி அதையே கிரயோலிலும் எழுதினாள்.

தை 12, ஞாயிறு. பூசம்

கரண்ட் வரவில்லை. நல்ல வெயில். காவடிகள் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பி மத்தியானம் வந்து சேர்ந்தன. தேவி பால்குடம் எடுத்தாள், நாக்கில் சின்ன வேல். அவ்வளவு வெயிலிலும் பால் திரியவில்லை, முருகன் ஏற்றுக்கொண்டான் என்று இங்கே நம்பிக்கை. குனிந்து பார்த்துவிட்டு அழுதாள், நானும்.

அபிஷேகம் ஆரம்பம். இவர் மைக் முன்னால். மெஷின் ஓடுகிற சத்தம் நினைத்துப் பார்த்தால்தான் கேட்கும். பதிகம் முதல் அடி எடுத்தார்.

அடுத்த அடியில் எல்லாம் நின்றது. மைக், விளக்கு, எல்லாம்.

யாரோ பக்தர் சாமிக்கு மயில் லைட் கொண்டுவந்திருந்தார். கலர் பல்பு நாற்பது, எங்கள் பெட்டி தாங்காது. சிவப்பு எழுத்தின் மேலேயே சாய்த்து வைத்துச் சொருகியிருக்கிறார். சாமிக்குத்தானே என்று.

மண்டபம் நிறைய ஜனம். குழந்தைகள் அழுகை. கருவறை இருட்டு. இவர் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். எனக்குத் தெரியும் அந்த மூச்சு. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். அதற்கு அடுத்தது கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல். அப்புறம் குரலே இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்துவிட்டேன். கோயில் கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. "வேண்டாங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். இவரும். வாய் திறந்தபடி. பிறகு மூடினார். கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். சும்மா நின்றார். இவர் பாட்டை நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. வெளியே மிஸ்யே குப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை இழுக்கிறார், "போந்யே, போந்யே" என்று, கடவுளே கடவுளே என்று. மயிலைப் பிடுங்கியாயிற்று. நாலாவது இழுப்பில் வண்டுச் சத்தம்.

கருவறை பல்பு எரிந்தது. இவர் விட்ட அடியிலிருந்து எடுத்தார், மெதுவாக.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கோயில் குரல் இல்லை அது. எனக்கு ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவாரே, ஊரிலிருந்து கடிதம் வராத நாளில் ஈர வேட்டி பிழிந்துகொண்டே பாடுவாரே, அது. நான் மட்டும் கேட்ட குரல். மண்டபம் முழுக்க, தெரு வரைக்கும், கரும்பு வரைக்கும் போயிற்று. தமிழ் புரியாதவர்கள்கூட அசையவில்லை.

தேவி நாக்கிலிருந்து வேலை எடுத்தபின் என் காதில்: "அக்கா, ஐயா இப்படியும் பாடுவாரா?"

பெருமைதான். கொஞ்சம் பொறாமையும். பூச நாளில் இப்படி நினைக்கலாமா, முருகா. நினைத்தேன்.

மிஸ்யே குப்பன் போகும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, வருஷம் முழுக்க இந்த மாதிரி. கமிட்டிக்கு நான் சொல்றேன்" என்றார்.

தை 13, திங்கள்

காலையில் கரண்ட் வந்துவிட்டது. ரேடியோ தானாகப் பாடி, பயந்தே போனேன்.

மெஷினை ஈரத்துணியால் துடைத்து, மிச்சப் பெட்ரோலை வடித்து, கோயில் அறையில் வைத்துப் பூட்டினேன். பொட்டை மட்டும் துடைக்கவில்லை.

டாக்டரிடம் மறுபடி காட்டினோம். மோசமாகவில்லை, இப்படியே இருக்கட்டும் என்றார். இன்று முழுக்க ஓய்வு என்று நான் இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் வேலை ஒன்றும் இல்லை. இவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நேற்றுப் பாடியதை எனக்கு மட்டும் ஒரு தரம் பாடுங்களேன் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கேட்டுப் பாடச் சொன்னதே இல்லை.

சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: ஓய்வு வேண்டும் என்று நீதானே சொன்னாய்.