சோப்பின் மேல் போட்ட பழி

புக்கிட் ரோத்தான்,
கோலா சிலாங்கூர்.

அன்பு மகன் லோகேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம், நீயும் பிரமிளாவும் அங்கே சுகமா என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் முதல் பாதி பொய், இரண்டாம் பாதியில் எனக்குச் சந்தேகம், ஆகவே இரண்டையும் விட்டுவிட்டேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று ஆக்லாந்தில் உட்கார்ந்து சிரிப்பாய். ஃபோனில் நான் உடம்பைப் பற்றி ஆரம்பித்தாலே உனக்கு "லைன் சரியில்லம்மா, அப்புறம் கூப்புடுறேன்" வந்துவிடுகிறது. காகிதத்துக்கு லைன் போகாது, கடைசி வரைக்கும் படி.

அப்பா வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போய் வருகிறார். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், கையில் இரண்டு பெரிய ஊசி, உடம்பு ரத்தம் முழுக்க இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர் அல்லவா, அங்கேயும் படுத்தபடியே மேற்பார்வைதான். யார் ஐந்து நிமிடம் தாமதம், எந்த இயந்திரம் கத்துகிறது, பக்கத்துக் கட்டில் ஆள் ஏன் அசைகிறார் என்று எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். தாதி நஸீரா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அங்கிள், நீங்க பேசண்ட் லா, சூப்பர்வைசர் இல்ல" என்று சொல்லிவிட்டாள். நல்ல பெண், எனக்கு எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக விளக்குகிறவள் அவள்தான். கிட்னி என்றால் மூத்திரம் போவதற்கு என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ரத்தம் ஊறச் சொல்வதும் அதுதானாம், பிரஷரைப் பிடித்து வைப்பதும் எலும்பைப் பார்த்துக்கொள்வதும் அதுதானாம். அது படுத்துக்கொண்டதால்தான் அப்பாவுக்கு முகம் வெளுத்து, கால் வீங்கி, விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு, சோறு வாயில் வைத்தால் இரும்பை நக்கியது போல் இருக்கிறதாம், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது. இவ்வளவு வேலையும் பார்த்துவிட்டு, கெட்டுப்போகிற வரைக்கும் ஒரு நாள்கூட வலிக்கிறது என்று வாயைத் திறக்காத உறுப்பாம் அது. இந்த வீட்டில் என்னைத் தவிர அப்படி இன்னொன்று இருந்தது எனக்கே இப்போதுதான் தெரியும்.

அது எப்படிக் கெட்டது என்பதையும் சொல்கிறேன், உனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகப் பிரஷர், கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். இவருக்குக் கிளினிக் போகிற நாள் பரீட்சை. தேதிக்கு மூன்று நாள் முன்னால் இருந்து கருவாடு கிடையாது, உப்பில்லாத கஞ்சி, மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்குவார். அன்றைக்கு எண் நன்றாக வரும், டாக்டர் "பாகுஸ், பாக்சிக்" என்று பாராட்டி அனுப்புவார். வரும் வழியிலேயே உப்பும் சாஸுமாக மீ கோரிங் பொட்டலம், மாத்திரைக்கு அடுத்த தேதி வரை ஓய்வு. மிச்ச மாத்திரையெல்லாம் எங்கே இருந்தது தெரியுமா, ஸ்டோர் ரூமில் இரண்டு மைலோ டின், மூடி மூட முடியாத அளவுக்கு. தோட்டத்தில் துரை வருகிறார் என்றால் வெட்டுக்காரர்கள் உதிர்ந்த செம்பனைப் பழத்தைப் பொறுக்காமல் மட்டைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள், அதைக் காலால் புரட்டிப் புரட்டிக் கண்டுபிடித்துக் கத்தியவர் இவர். தன் மட்டையை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை.

பிறகு மூத்திரத்தில் நுரை வந்தது. அதைப் பார்த்துவிட்டு மனிதர் கிளினிக்குக்குப் போகவில்லை, என்னைக் கூப்பிட்டார். "சோப்பு போட்டுக் கழுவுனா தண்ணி ஊத்த மாட்டியா, பாரு எவ்ளோ நுரை" என்று சத்தம். நானும் அறிவாளி மாதிரி மூன்று தினுசு சோப்பு மாற்றினேன், தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், கழிவறை கல்யாண வீடு போல் பளபளத்தது, நுரை மட்டும் போகவில்லை. உடம்பில் நிற்க வேண்டிய சத்து கிட்னி வழியாக ஒழுகினால் அப்படித்தான் நுரைக்குமாம். இரண்டு வருடம் நாங்கள் சோப்பின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தோம், இரண்டு கிட்னியும் சுருங்கிப்போயின.

இது போதாதென்று வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் டாக்டர். உன் உமாபதி மாமா சபாக்கிலிருந்து ஆறு இளநீரோடு வந்தான். "எல்லாம் உடம்புச் சூடுதான் மச்சான், ரெண்டு குடிச்சா கிட்னி குளுந்துரும்" என்றான். இளநீர், வாழைப்பழம், பெலிம்பிங் பழம் எதுவும் கூடாது, அதில் இருக்கும் உப்புச் சத்து வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கி நெஞ்சையே நிறுத்திவிடும் என்று நஸீரா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் அடுப்பில் நின்ற நேரத்தில் மாமனும் மச்சானும் பின்வாசலில் வேலையை முடித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அப்பாவால் கையைத் தூக்க முடியவில்லை, நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, ஆம்புலன்ஸ் வந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு அந்த நிலையிலும் "தண்ணிதான்" என்றார், பரீட்சைப் பழக்கம். உன் மாமன் மிச்சம் நாலு இளநீரையும் டாக்டருக்குக் கொடுக்கலாம் என்று வார்டு வாசலில் தூக்கிக்கொண்டு நின்றான். இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அன்றைக்கு ஆம்புலன்சில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அன்றுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். "என் கிட்னி ஒண்ணத் தர்றேம்மா" என்று நீ ஏழு மாதமாகச் சொல்கிறாய், அதற்கு முதலில் டெஸ்ட் செய்யச் சொன்னால் வேலை, மீட்டிங், குளிர். அதனால் உன்னிடம் கேட்காமல் நானே போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன், ஐந்து தடவை கோலாலம்பூருக்கு அலைந்தேன். எல்லாம் பொருந்துகிறது என்கிறார்கள். கல்யாணத்தின்போது எங்கள் ஜாதகத்தில் பாதிப் பொருத்தம்கூட இல்லை என்று உன் தாத்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், முப்பத்தெட்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் பொருத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னபோது, "ஒன் ஒடம்ப அறுத்து எனக்கு வேணாம்" என்றவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு உத்தரவு போட வாய் வராததை அன்றுதான் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து அவரே கேட்டார், வலிக்குமா என்று, எனக்கு. ஆப்பரேஷன் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி.

இதைச் சொல்ல மட்டும் கடிதம் எழுதவில்லை. போன ஞாயிறு பிரமிளா ஃபோனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள், நீ கழிவறையில் நின்றுகொண்டு அவளைச் சத்தம் போட்டாயாம், சோப்பைச் சரியாகக் கழுவவில்லை, பார் நுரையை என்று. கம்பெனி ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்த கடிதத்தை ஃபிரிட்ஜுக்கு அடியில் தள்ளிவிட்டதையும் சொன்னாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா. ஃபோனை வைத்துவிட்டு நம் வீட்டுக் கழிவறை வாசலில் போய் நின்றேன். வெறும் சோப்பாகவே இருக்கட்டும், அந்தச் சாமி அப்படியே ஆக்கட்டும், ஆனால் அதை நீ சொல்லக் கூடாது, டெஸ்ட் சொல்ல வேண்டும். நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் இதில் என்னிடம் இருந்தது இரண்டுதான், ஒன்று அப்பாவுக்குப் போகிறது, இன்னொன்றில்தான் நான் நடமாட வேண்டும். உனக்கென்று எடுத்து வைக்க என்னிடம் மூன்றாவது இல்லை.

நீயும் பிரமிளாவும் நோய் நொடி இல்லாமல், எங்களைவிட நல்ல புத்தியோடு நூறு வயது இருக்க வேண்டும். காலையில் போகும் முதல் மூத்திரத்தைச் சின்னப் புட்டியில் பிடித்துக் கொடு, பிரஷரும் பார், ரிசல்ட் காகிதத்தைப் படம் பிடித்து அடுத்த மாதம் பதினெட்டுக்கு முன்னால் எனக்கு அனுப்பு, அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஆப்பரேஷன் கட்டிலில் ஏறுவேன். டெஸ்டுக்கு முன்னால் மூன்று நாள் கஞ்சி குடித்துவிட்டுப் போகாதே.

உனக்காகக் காத்திருக்கும் அம்மா,
நவமணி தங்கராஜு