நோன்பில்லாத வாய்

டீச்சர்,

ஆய்வுகூட அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உங்கள் சோதனைக்குழாய் கையில் அகப்பட்டது. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டர், அதன்மேல் உங்கள் சாய்ந்த எழுத்தில் ‘நோன்பில்லாத வாய்’. நீல மை கொஞ்சம் ஊறிப் பரவியிருந்தது. தும்புக்கட்டையை வைத்துவிட்டு அந்த இடத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். நீங்கள் இரசாயனம், நான் உயிரியல். நீங்கள் பொங்கல் வீடு, நான் பெருநாள் வீடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீங்களும் டீச்சர், நானும் டீச்சர். குளுக்கோசு யாருக்குச் சொந்தம் என்பதில் மட்டும் நமக்குள் ஓயாத வழக்கு. “ஆறு காபனையும் கணக்காக் கீறிக் குடுக்கிறது நான், பேர் வாங்கிறது நீங்களா?” என்று கேட்பீர்கள். மாமூலக்கூறுகள் பாடம் வந்தால் நான் கரும்பலகையை இரண்டு தரம் நிரப்புவேன். சின்ன மூலக்கூறுகள் கைகோத்துப் பெரிய சங்கிலியாவதையும், சமிபாட்டில் அந்தச் சங்கிலி அறுவதையும் நீங்கள் கதவடியில் நின்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவீர்கள்: “சேரக்குள்ள ஒரு தண்ணி போகும், பிரியக்குள்ள ஒரு தண்ணி வேணும். அவ்வளவுதான் பிள்ளைகள்.” பிள்ளைகள் என் குறிப்பை விட்டுவிட்டு அதைத்தான் எழுதிக்கொள்வார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அந்த நாளை நான் மறக்கவில்லை. நோன்பு மாதம். பாடசாலைக்கு விடுமுறை, உயர்தரப் பிள்ளைகளுக்கு மட்டும் மேலதிக வகுப்பு. உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை உடைப்பதைச் செய்து காட்ட வேண்டும். வாயைக் கொப்பளித்து, எச்சிலை முகவையில் துப்பி, கஞ்சிக் கரைசலோடு கலந்து, நேரத்துக்கு நேரம் ஒரு துளி எடுத்து அயடீன் விட்டுப் பார்ப்பது. மாப்பொருள் இருக்கும்வரை துளி கருநீலமாகும். நோன்பு வாயில் எச்சில் எங்கே ஊறும்? கொப்பளித்தால் தண்ணீர் தொண்டைக்குள் போய்விடுமோ என்ற பயம் வேறு. எனக்கும் நோன்பு. யோசிக்காமல் கேட்டுவிட்டேன்:

“இண்டைக்கு நோன்பில்லாத ஆக்கள் ஆர்? கையத் தூக்குங்க.”

இடப்பக்கம் ஆண் பிள்ளைகள், வலப்பக்கம் பெண் பிள்ளைகள். இடப்பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. வலப்பக்கத்தில் எல்லாத் தலையும் கொப்பிக்குள் போனது. இரண்டாம் வாங்கில் ஒருத்தி முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாத நாட்களில் பெண்களுக்கு நோன்பில்லை. அதை வீட்டில் தம்பிமாருக்கும் காட்டாமல், விடியமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் எழும்பி, பகல் முழுக்கப் பசித்தவள்போல நடந்து திரிகிற வித்தையை நானே எத்தனை வருஷம் செய்திருக்கிறேன். நானே போய் அந்தப் பிள்ளைகளை நடு வகுப்பில் நிறுத்திவிட்டேன். கேட்ட கேள்வியைத் திருப்பி விழுங்க ஒரு வழி இருந்திருந்தால் நோன்பு முறிந்தாலும் பரவாயில்லை என்று விழுங்கியிருப்பேன்.

கடைசி மேசையில் நீங்கள் தராசில் எதையோ நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ஏன் டீச்சர் பிள்ளைகளக் கேக்கிறீங்க? நோன்பில்லாத ஆள் நான் இரிக்கன்தானே,” என்றீர்கள். “காரைதீவில இரிந்து விடிய இடியப்பமும் சொதியும் திண்டுட்டு வந்திரிக்கன். இந்த வாயில நொதியத்துக்கு ஒரு குறையும் இல்ல.”

வந்தீர்கள், கொப்பளித்தீர்கள், முப்பது பேர் பார்த்திருக்க முகவைக்குள் துப்பினீர்கள். வகுப்பே சிரித்தது. இப்போது அது உங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அதைத்தான் நீங்கள் விரும்பினீர்கள். வெள்ளைப் பீங்கான் ஓட்டில் முதல் துளி கருநீலம், அடுத்ததும் கருநீலம், பிறகு ஊதா, பிறகு மண்ணிறக் கபிலம், கடைசியில் அயடீனின் சொந்த மஞ்சள் மட்டும். “நீலம் போயிட்டு டீச்சர்,” என்று முதலில் சொன்னவள் முக்காட்டை முறுக்கிக்கொண்டிருந்தவள்தான். அவள் தலை நிமிர்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அயடீன் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெளி விறாந்தையில் நீங்கள் என்னை ஏசவில்லை. “கேள்வி பிழையில்ல டீச்சர், கேட்ட இடம் பிழை,” என்றீர்கள், அவ்வளவுதான். பிறகு பிளாஸ்டரை வெட்டி, எச்சிலும் கஞ்சியும் கலந்த குழாயில் ஒட்டி அந்தப் பெயரை எழுதினீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நோன்புக்கும், உங்களுக்கு லீவு நாளாக இருந்தும், அந்த ஒரு வகுப்புக்கு பஸ் ஏறி வந்தீர்கள். பையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கும்; பிள்ளைகள் முன்னால் அதன் மூடியைத் திறந்ததே இல்லை. நோன்பில்லாத வாய் என்று பெயர்தான். வீட்டுக்குப் போகும்வரை அந்த வாயும் காய்ந்துதான் கிடந்தது. பின்னேரம் நான் கொடுத்துவிடும் நோன்புக் கஞ்சிக்கு, “இதுக்கு அயடீன் விட்டுப் பாக்கவா, குடிக்கவா?” என்று மறுநாள் தொலைபேசியில் கேட்பீர்கள். குடித்து முடித்த பிறகுதான் கேட்பீர்கள்.

நீங்கள் போய் மூன்றாவது நோன்பு இது. உங்கள் செத்தவீட்டில் முற்றத்துக் கதிரையில் இருந்து நான் அழுதபோது அந்த வசனம் நினைவுக்கு வந்தது, பிரியக்குள்ள ஒரு தண்ணி வேணும் என்று. கோபமும் வந்தது. ஒரு பாடத்தை இப்படியா படிப்பித்து வைத்துவிட்டுப் போவது?

போன இரண்டு நோன்பிலும் அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை. கரும்பலகையில் நிறம் நிறமாகச் சோக்கால் கீறிக் காட்டினேன். பிள்ளைகள் பாடமாக்கினார்கள், புள்ளியும் எடுத்தார்கள். நீலம் போவதை ஒருவரும் காணவில்லை. உங்கள் இடத்தில் இன்னொரு வாயைத் தேட எனக்கு மனமில்லை. பிள்ளைகளிடம் கேட்கவோ வாய் வரவில்லை. இந்த வருஷமும் சோக்கை எடுத்தபோது முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

“செஞ்சு பாக்க ஏலாதா டீச்சர்?”

“நோன்புக்குள்ள உமிழ்நீருக்கு எங்க போற மகள்?”

கொஞ்சம் யோசித்தாள். “நெல்லு முளைக்கக்குள்ள உள்ளுக்கு இருக்கிற மாப்பொருளத்தானே உடைச்சுத் திங்கிது? அப்ப எச்சில்ல இரிக்கிற அமைலேசு அதுக்கும் வேணும்தானே? வாப்பா சாகாமத்தில இரிக்கிற வயலுக்கு வெதநெல்லு ஊறப்போட்டு முளை கட்டியிரிக்கி. கொண்டு வரட்டா?”

ஓம் என்றேன். முளைவிதையிலும் அந்த நொதியம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் படிப்பித்தவள் நான்தான், டீச்சர். உங்கள் வாய் இருந்ததால் வேறொன்றையும் தேடத் தோன்றவில்லை.

மறுநாள் சொப்பிங் பேக்கில் முளைநெல் வந்தது. புளித்த ஈர வாசம் ஆய்வுகூடம் முழுக்க. உரலில் இடித்து, வடித்து, கஞ்சியில் கலந்தோம். முதல் துளி கருநீலம். பிறகும் கருநீலம், பிறகும் அதேதான். உங்கள் எச்சில் இதற்குள் வேலையை முடித்திருக்கும். பிள்ளைகள் முன்னால் சோக்குக்குத் திரும்ப வேண்டுமே என்று இருந்தது. அந்தப் பிள்ளை மட்டும் பீங்கான் ஓட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணியடித்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை. பிறகு ஒரு துளி ஊதாவாக விழுந்தது. அதற்கடுத்தது கபிலம். கடைசியில் மஞ்சள்.

“நெல்லுக்கு நோன்பில்லத்தானே டீச்சர்,” என்று யாரோ சொல்ல, இரண்டு பக்கத்து வாங்குகளும் சேர்ந்து சிரித்தன. எனக்கும் சிரிப்பு வந்தது. உங்கள் குழாயின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். நான் கேட்ட கேள்வியை மட்டும் சொல்லவில்லை.

பிள்ளைகள் ஒரு துண்டுப் பிளாஸ்டரில் ‘நோன்பில்லாத நெல்’ என்று எழுதிப் புதுக் குழாயில் ஒட்டினார்கள். உங்களுடையதற்குப் பக்கத்தில் குழாய்த் தாங்கியில் நிறுத்தியிருக்கிறேன். அடுத்த நோன்புக்கும் நெல் ஊறும், டீச்சர். யாருக்கு நோன்பு, யாருக்கு இல்லை என்று இந்த முறை நான் கேட்கவில்லை. வலப்பக்கத்தில் ஒரு தலையும் குனியவில்லை.