நீர் சொன்ன பெயர்

இன்று காலை தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் றெயினுக்காக நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருமல் மிட்டாய் ஒன்றை உரித்து வாயில் போட்டார். மெந்தோல் மணம் வந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. றெயின் வந்தது, ஏறினேன், இருக்க இடம் கிடைத்தது. அடுத்த ஸ்டேஷனும் போன பிறகுதான் அது உம்முடைய மணம் என்று விளங்கியது. நாள் முழுக்க ரெலிபோனில் கதைத்துத் தொண்டை கட்டாமலிருக்க நீர் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த அதே மிட்டாய். எதிரே இருந்தவர் விரித்துப் பிடித்திருந்த பத்திரிகையில் அமெரிக்கத் தேர்தல் செய்தி. அவர்களுக்கு மறுபடியும் நாலு வருடம் முடிந்துவிட்டது. அன்றைக்கு இளையவராக நின்றவர் இப்போது பதவியில் இருப்பவராக நிற்கிறார். தலை நன்றாக நரைத்துவிட்டது.

நீர் போய் இரண்டரை வருடம் ஆகிறது. உமக்கு நான் அழவில்லை. செத்த வீட்டிலும் அழவில்லை, பிறகும் இல்லை. ஸ்ட்ரெதம் சுடலையில் மற்றப் பெண்கள் எல்லாரும் அழ, நான் அந்த மண்டபத்துக் கதிரைகளில் எத்தனை வரிசை என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பல் பிடுங்கப் போகும்போது ஊசி போடுவார்களே, அதுபோலத்தான் இருந்தது. ஏதோ நடக்கிறது என்று தெரியும், நோகாது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும் போலிருந்ததால் மதிய இடைவேளையில் இதைத் தொடங்கினேன்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு செப்டம்பரில். வெஸ்ட் குரோய்டனில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே அந்த அறை. சாம்பல் நிறத் துணி ஒட்டிய தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு ரெலிபோன், இரண்டு பென்சில், ஒரு கட்டுக் கேள்வித்தாள். லண்டனில் குடியிருக்கும் அமெரிக்கர்களை அழைத்து, தங்கள் ஊர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதுதான் வேலை. யார் கேட்கச் சொன்னார்கள், எதற்கு என்று எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் பெயர்கள் ரெலிபோனுக்கு நீளம் என்று மேற்பார்வை பார்த்த பெண் சொன்னாள். அதனால் நான் ஆன் ஆனேன், நீர் ரூத் ஆனீர்.

சட்டம் மூன்றுதான். எழுதியிருக்கிறபடி வாசி. பதிலை எடுத்துக் கொடுக்காதே. உன் அபிப்பிராயத்தைச் சொல்லாதே. மூன்றாவதை அவள் இரண்டு தரம் சொன்னாள். அன்று படி இறங்கும்போது நீர் சிரித்தீர்.

"எங்கட அபிப்பிராயம் ஆருக்கு வேணுமாம்?"

நின்றவர்கள் மூன்று பேர். பதவியில் இருந்த பெரியவர், இளைய கவர்னர், சொந்தப் பணத்தில் நின்ற செல்வந்தர். அந்த மூன்று பெயர்களையும் நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்போம். முதல் வாரத்தில் பெயர்கள் மட்டும்தான், இரண்டாம் வாரத்தில் மனிதர்கள் போல ஆகிவிட்டார்கள். ரிச்மண்டில் ஒருவர், பெரியவரைத் தனக்குப் பிடிக்காது, ஆனால் பழகிப்போய்விட்டது, அதனால் அவருக்கே போடுவேன் என்றார். ஹாமர்ஸ்மித்தில் ஒரு மாணவி, கவர்னர் கேள்வி கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார், அது போதும் என்றாள். செல்வந்தரைப் பற்றி ஒரு பெண் சொன்னது உமக்கு மிகவும் பிடித்தது. "அவர் என் மாமனாரைப் போலப் பேசுகிறார். மாமனாரை எனக்குப் பிடிக்கும். ஆனால் என் காரை அவரிடம் கொடுக்க மாட்டேன்." அதை நீர் பஸ்ஸில் எனக்குச் சொன்னபோது முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு நீர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னீர். "பாரும். முன்பின் தெரியாத ஆள் போன் எடுத்துக் கேக்குது. தங்கட ஜனாதிபதியைப் பிடிக்கேல்லை எண்டு பெயர் விலாசம் தெரிஞ்ச ஆளுக்கே சொல்லிப்போட்டு, பிறகு தேத்தண்ணி குடிக்கப் போகினம்."

உம்முடைய கதை எனக்குத் தெரிந்திருந்தது. ஊரில் முதல் தரம் வாக்குப் போட, புதுச் சேலை உடுத்திக்கொண்டு போனீர். உம்முடைய வாக்கை யாரோ காலையிலேயே போட்டுவிட்டார்கள் என்று மேசையில் இருந்தவர் சொன்னார். "விரலைக் காட்டினன். மை இல்லை. அவர் என்ர விரலைப் பாக்கவே இல்லை." பிறகு வந்த வருடங்களில் வாக்கை யார் நினைத்தார்கள். கொழும்பில் இருந்த மாதங்களில், வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் பொலிஸுக்குப் போன மறுநாள் உம்முடைய கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் கழித்து விட்டார்கள். நீர் முதலில் இங்கே வந்தீர். அவருக்கு விசா வர வருடங்கள் சென்றன. அதனால்தான் கவுன்சிலிலிருந்து வாக்காளர் பதிவுப் படிவம் வரும்போதெல்லாம் நீர் அதைக் கிழித்துப் போட்டீர். இலங்கை போன்ற பொதுநலவாய நாட்டுக்காரருக்கு இங்கே வாக்கு உண்டு என்று நான் சொன்னேன். "பட்டியலில பெயர் இருந்தால் எனக்கு நித்திரை வராது" என்றீர்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தேர்தலுக்குப் பத்து நாள் இருந்திருக்கும். காலை ஷிப்ட். நீர் எனக்கு இடப்பக்கத் தடுப்பில். நான் கூப்பிட்ட எண்ணில் ஒருவரும் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் நீர் கதைத்தது எனக்குக் கேட்டது.

ஒன்பதாவது கேள்வியை வாசித்தீர். உங்களைப் போன்றவர்கள் மேல் அக்கறை உள்ளவர் இவர்களில் யார்? பிறகு நீர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டீர். அந்தப் பக்கத்தில் யாரோ கதைத்துக்கொண்டிருந்தார். "இலங்கை" என்றீர். பிறகும் அந்தப் பக்கம்தான் கதைத்தது. "இல்லை, எனக்கு வாக்கு இல்லை, மேடம்." பிறகு, "ரூத் என் பெயர் இல்லை" என்று சொல்லி, உம்முடைய பெயரை, தகப்பன் பெயரோடு, ஒவ்வொரு எழுத்தாக ஆங்கிலத்தில் சொன்னீர். நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் விம்பிள்டனில் தனியே இருக்கும் விதவை என்று பிறகு எனக்குச் சொன்னீர். என்னைப் போன்றவர்கள் என்றால் யார் என்று அவள் கேட்டிருக்கிறாள். பிறகு, "நீ நாள் முழுக்க எங்களைக் கேட்கிறாயே, உன்னை யாராவது கேட்டார்களா? உனக்கு வாக்கு இருந்தால் யாருக்குப் போடுவாய்?"

நீர் பென்சிலைக் கீழே வைத்தீர். அது உருண்டு விழுந்தது, நீர் எடுக்கவில்லை. மூன்று நாலு நிமிடம் பேசினீர். உம்முடைய ஆங்கிலம் பிழை பிழையாகவும் தெளிவாகவும் இருந்தது. பெரியவரைப் பற்றி, கவர்னரைப் பற்றி, செல்வந்தரைப் பற்றி, ஒவ்வொருவரிலும் நல்லது எது, பயம் எது என்று சொன்னீர். கேள்வித்தாளில் இல்லாத காரணங்கள். கடைசியில் ஒரு பெயரைச் சொன்னீர். நிதானமாகச் சொன்னீர். மேசையில் இருக்கிறவரிடம் அடையாள அட்டையை நீட்டுகிறவர் போல நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னீர். பிறகு, "என்னைக் கேட்டதற்கு நன்றி" என்றீர்.

மேற்பார்வைப் பெண் தன் மேசையிலிருந்து எங்கள் லைன்களை ஒட்டுக் கேட்பது வழக்கம். அன்று அவள் உம்முடைய லைனுக்கு வந்தது கடைசி வார்த்தைக்குத்தான். உம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, இருக்கச் சொல்லிக் கேட்டாள். "ரூத் தன் அபிப்பிராயத்தைச் சொன்னாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ரெலிபோன் மணி கேட்டுக்கொண்டிருந்தது, கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பயம் அப்போது பெரிதாக இல்லை. கேட்டார்கள், பதில் சொன்னேன். ஆம் என்றேன்.

"எந்த வேட்பாளர்?"

"அது கேட்கவில்லை" என்றேன்.

அது பொய்.

திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று உமக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த விதவையின் கேள்வித்தாளைக் குறுக்காகக் கோடு போட்டுக் குப்பைப் பெட்டியில் எறிந்தார்கள். உம்முடைய கோட்டை எடுத்துக்கொண்டு என்னோடு படி இறங்கினீர். பஸ்ஸில் மேல் தட்டில் இருந்தோம். மழை இல்லை, வெயிலும் இல்லை.

"உம்மைக் கேட்டவவே?"

"ஓம்."

"என்ன சொன்னனீர்?"

"நீர் கதைச்சனீர் எண்டு சொன்னனான்."

"பெயரையும் சொன்னனீரோ?"

"இல்லை. கேக்கேல்லை எண்டு சொன்னனான்."

நீர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர். "அது போதும்" என்றீர். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீர் ஒருநாளும் எடுக்கவில்லை. அடுத்த கிழமையும் வந்தீர், கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்தீர், டூட்டிங்குக்குச் சாமான் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனீர். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் நேரம் வருமென்று இருந்தேன்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. அடுத்த வருடம் உம்முடைய கணவர் வந்து சேர்ந்தார். அதே கோடையில் மார்பில் கட்டி கண்டுபிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் உம்முடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருக்கும்போது, நர்ஸ் வந்து நோவு எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றாள். நீர் என்னைப் பார்த்து, "இதுவும் கேள்வித்தாள்தான், ஆன்" என்றீர். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான். அடுத்த மார்ச் மாதம் போய்விட்டீர்.

ஏப்ரலில் உம்முடைய கணவர் என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று ஒரு அட்டையை நீட்டினார். கவுன்சில் தேர்தலுக்கான வாக்காளர் அட்டை. உம்முடைய முழுப் பெயர், விலாசம், போக வேண்டிய பாடசாலை, நேரம். அதற்கு முந்திய ஒக்டோபரில், ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஒருவருக்கும் சொல்லாமல் படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறீர்.

"இது வந்து கிடக்குது தங்கச்சி. என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை."

"கவுன்சிலுக்குப் போன் பண்ணிச் சொல்லலாம் அண்ணை. பெயரை எடுத்துவிடுவினம்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடுக்கத்தான் வேணுமோ?"

"எடுக்காட்டியும் ஒண்டும் செய்யமாட்டினம்."

"அப்ப இருக்கட்டும்" என்றார். பிறகு கேட்டார். "அவ ஆருக்குப் போட்டிருப்பா?"

தெரியாது என்றேன். கவுன்சிலில் நின்றவர்களைப் பற்றி நீர் ஒன்றும் சொன்னதில்லை, அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை மட்டுமில்லை என்று எனக்கு விளங்கியது. குரோய்டன் வேலையைப் பற்றி அவருக்கு நீர் சொல்லியிருக்கிறீர். உம்மை நிறுத்தியதையும் சொல்லியிருக்கிறீர். நான் ஆம் என்றதையும் சொன்னீரோ தெரியாது. அவர் முகத்தில் அது தெரிந்த அடையாளம் இருக்கவில்லை. தேத்தண்ணி போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று போனார்.

இப்போது நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அமெரிக்கப் பெண் ஒருத்தி இருக்கிறாள். தபாலில் வாக்குப் போடப் போகிறாளாம். நேற்று மதியம் எல்லாரையும் சுற்றிக் கேட்டாள், உங்களுக்கு வாக்கு இருந்தால் யாருக்குப் போடுவீர்கள் என்று. ஒவ்வொருவரும் சொன்னார்கள், சிரித்தார்கள். என்னிடம் வந்தபோது எனக்கென்று ஒரு பெயரும் வரவில்லை. வந்தது நீர் அன்று சொன்ன பெயர்தான், உம்முடைய குரலில், உம்முடைய உச்சரிப்பில்.

அதை என் கணவருக்கும் நான் சொன்னதில்லை. உம்முடைய கணவருக்குச் சொல்லவில்லை, நேற்று அந்தப் பெண்ணுக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். நீர் வாழ்நாளில் போட்ட வாக்கு அது ஒன்றுதான். யாருக்கென்று என் மூலம் ஒருவருக்கும் தெரிய வராது.