நெருப்பு வைக்காத மூலை

இன்று காலையில் பக்கத்து வளவில் யாரோ காய்ந்த பற்றைகளைக் கொளுத்தினார்கள். நீ இல்லாத இந்தக் கல்முனை வீட்டுக்குள் அந்தப் புகை நுழைந்ததும் நீ என் நினைவில் வந்துவிட்டாய்.

எண்பதுகளின் தொடக்கம். கலியாணம் முடித்த மறுவருடம், உன் கூடப்பிறந்த மூத்தவர் காக்காவோடு சேர்ந்து பொத்துவிலுக்கு மேற்கே, சரணாலயத்து எல்லையோரம், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை வெட்டினோம். சோளம் போட எண்ணம். பாறைப் பக்கத்து மூலை மட்டும் வெட்ட மிச்சம். வெட்டிய காட்டுக்கு நெருப்பு வைக்கிற அன்று, விறகு பொறுக்கப் போன நீ ஓடி வந்தாய். பயந்துதான் இருந்தாய், ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது.

"பாறைக்குக் கீழ புலிக் குட்டி ரெண்டு கிடக்கு. தாயக் காணல்ல. அங்கால நெருப்பு போகாமப் பாருங்க."

காக்காவுக்குக் கோபம் வந்தது. "புலியப் பாத்தா நாம என்னத்தத் தின்னுற? மழ வரப் போகுது."

"பால் குடிக்கிற குட்டிகள் காக்கா. தாய் தூக்கிட்டுப் போகுமட்டும் பொறுங்க."

பதிலுக்குக் காத்திராமல் நீயே மண்வெட்டியை எடுத்து, நெருப்புத் தாண்டாதபடி நிலத்தைச் செதுக்கத் தொடங்கினாய். நானும் சேர்ந்தேன். ஏசிக்கொண்டே காக்காவும் வந்தார். குட்டிகளுக்காகப் பொறுத்திருக்க, மழை முந்திக்கொண்டதால் அந்த மூலை பற்றையாகவே நின்றது. அந்தளவு சோளம் நமக்குக் குறைந்தது. ஒரு மாலையில் தாயின் பின்னால் குட்டிகள் பாறையேறிப் போனதைப் பார்த்து, என் கையை இறுகப் பிடித்தாய்.

அடுத்த வருடம் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருபக்கம் சேனை, ஒருபக்கம் கரும்பு, எஞ்சிய புல்லில் மாட்டுப் பட்டிகள். மானும் மரையும் இல்லாமல் போயின. நாம் புலி என்று சொல்லும் அந்தத் தாய்ச் சிறுத்தை பட்டிக்குள் இறங்கி ஒரு கன்றை அடித்தது. பட்டிக்காரர் மிச்ச இறைச்சியில் வயலுக்கு அடிக்கிற மருந்தை ஊற்றி வைத்தார்.

செய்தியைக் காக்காதான் கொண்டுவந்தார்.

"தாயும் ரெண்டு குட்டியும் தங்கச்சி. ஓடைக்குப் பக்கத்துல கிடக்கு."

நீ அழுதாய். நான் பட்டிக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீதான் தடுத்தாய்.

"அவர ஏசாதீங்க. மாட்ட விட்டா அந்த மனிசனுக்கு வேற என்ன இரிக்கி? காட்ட வெட்டின நாம எல்லாரும்தான். அவர் அந்த வரிசையில கடைசியா நிண்டவர், அவ்வளவுதான்."

அந்தப் போகத்தோடு சேனையை விட்டோம். நீ மருதமுனைத் தறிக்குத் திரும்பினாய். நான் சந்தையில் சாறன் துணி விற்றேன்.

இப்போதும் எங்கேயாவது புலி செத்ததென்று கேள்விப்பட்டால், தேத்தண்ணிக் கடையில் பட்டிக்காரர்களைத்தான் முதலில் திட்டுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை. "முதல்ல வெட்டினது நாம" என்று, நாம் சேனை போட்ட இடத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். நீயாக இருந்தால் மெதுவாகத்தான் சொல்லியிருப்பாய்.