ஏன் இழுக்கிறது, ஏன் வளைகிறது

ஜூலை 4

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. அதனால் சண்டையிலிருந்து தொடங்குகிறேன்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாயாம். நேற்று உன் அம்மா என் அம்மாவிடம் அழுதிருக்கிறார். முதுகெலும்பு ஆபரேஷனுக்கு எல்லாம் தயாரான பிறகு, வேண்டாம் என்று மருத்துவமனைக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயாம். காரணம் கேட்டதற்கு, "அவளையே கேளுங்க. அவதானே பேச்சுப் போட்டியில ஜெயிச்சா" என்று என்னைக் கைகாட்டினாயாம்.

நான் என்னடி செய்தேன்? ஈர்ப்பையும் பிரபஞ்சத்தையும் மனிதனால் என்றாவது புரிந்துகொள்ள முடியுமா என்பது தலைப்பு. நீ முடியும் என்றாய், நான் முடியாது என்றேன். கோப்பை எனக்கு வந்தது. அதற்கும் உன் முதுகுக்கும் என்ன சம்பந்தம்?

உடனே எழுது. வகுப்பு பெஞ்சில் உன் இடத்தில் தும்மல்காரி இப்போதே பையை வைத்துப் பார்க்கிறாள்.

உன்,
பூதக்கண்ணாடி

ஜூலை 8

பூதக்கண்ணாடிக்கு,

சம்பந்தம் இருக்கிறது. மேடையில் நீ சொன்னதெல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. பூமி எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஏன் இழுக்கிறது என்றால், விண்வெளியே வளைந்திருக்கிறது என்பார்கள். அது ஏன் வளைகிறது என்றால் விழிப்பார்கள். ஏன் என்று தெரியாதவர்கள் புரிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். தோற்ற நானும் தட்டினேன்.

என் முதுகு ஏன் வளைந்தது என்று டாக்டரைக் கேட்டேன். "உன் வயசுல சில பேருக்கு இப்படி வளையுதும்மா. ஏன்னு யாருக்கும் சரியா தெரியல" என்றார். தெரியவில்லையாம்! ஆனால் இரண்டு கம்பி வைத்து நிமிர்த்திவிடுவாராம். விட்டால் வளைவு கூடி மூச்சுக்கு இடம் குறையுமாம். நிமிர்த்தும்போது நரம்பில் பட்டால் கால் போகவும் வாய்ப்பு உண்டாம், சிறிய வாய்ப்புதானாம். என் கால் சிறியதா?

பிரபஞ்சமே வளைந்து கிடக்கிறது. நானும் கிடந்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்றவள்

ஜூலை 11

என் அருமை வாயாடி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். நான் பேசியதை வாபஸ் வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். முடியவில்லை, ஏனென்றால் அது பொய் இல்லை.

இன்று ரயில் பாதை நடைமேம்பாலத்தின் நடுவில் வெகுநேரம் நின்றேன். கீழே ரயில் போனபோது பாலம் லேசாக அதிர்ந்தது. இதைக் கட்டியவர்களுக்கும் ஈர்ப்பு ஏன் என்று தெரியாது. எவ்வளவு என்று மட்டும் தெரியும். நாம் தினமும் இதன்மேல் ஓடித்தான் பள்ளிக்குப் போகிறோம்! மேடையில் நீ என்னை இதைக் கேட்டிருக்க வேண்டும், மக்கு. நான் திணறியிருப்பேன்.

ஒன்று செய். டாக்டரிடம் இனி ஏன் என்று கேட்காதே. "உங்களுக்கு என்னென்ன தெரியாது?" என்று கேள். எல்லாம் தெரியும் என்று சொன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. நானே உன் அம்மாவிடம் பேசுகிறேன். தெரியாததைச் சரியாகச் சொன்னால், தெரிந்ததையும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

உனக்காகப் பயந்துகொண்டிருக்கும்,
பூதக்கண்ணாடி

ஜூலை 16

பூதக்கண்ணாடி,

கேட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏன் பெண்களுக்கு இது அதிகம் முற்றுகிறது, தெரியாது. முழுக்க நிமிருமா, தெரியாது. வலி எத்தனை நாள், ஆளுக்கு ஆள் மாறும். தெரியாததையே அவ்வளவு நேரம் சொன்னார்! பிறகு, "ஆனா ஆபரேஷன் முழுக்க உன் நரம்பு வேலை செய்யுதான்னு ஒரு மெஷின் பாத்துட்டே இருக்கும். கொஞ்சம் மாறினாலும் கையை எடுத்துடுவேன். அது எனக்குத் தெரியும்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை. படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

வாயாடி

ஜூலை 24

வாயாடி,

எல்லாம் நல்லபடியாக முடிந்ததாக உன் அம்மா சொன்னார். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நீ எழுதினால்தான் நம்புவேன். ஒரு வரி போதும்.

பூதக்கண்ணாடி

ஜூலை 30

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

ஒரு வரி எனக்குப் போதாது.

கண் விழித்ததும் கால் விரல்களை அசைக்கச் சொன்னார்கள். பத்தும் அசைந்தன. மறுநாள் நர்ஸ் அக்கா என்னைப் பிடித்து நிற்க வைத்தார். பூமி என்னை அப்படி இழுத்தது! இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது இது? தலை சுற்றியது, வாந்தி வந்தது. ஆனால் நின்றேன், பூதக்கண்ணாடி. இப்போது கழிவறை வரை நானே நடக்கிறேன்.

குனியக் கூடாதாம். அதனால் காலையில் ஸ்பூனைக் கீழே போட்டுப் பார்த்தேன். அம்மா எடுத்துக் கொடுத்தாள். மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் விழுகிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது. கடைசியில் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போட்டுப் பாரு, முதுகுல ரெண்டு வைக்கிறேன்!" என்று கத்தினாள்.

சொன்ன பிறகுதான் எங்கே வைப்பதாகச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். நான் சிரித்ததில் தையல் எல்லாம் வலித்தது. மருத்துவமனைக்கு வந்த நாளிலிருந்து அம்மா என்னைத் திட்டியது இதுதான் முதல் தடவை.

உன்,
வாயாடி