கல் பாலத்தில் எடுத்த படம்

மொன்றியல்
27.06.2006

அன்பு மகள் வினோஜாவுக்கு,

நான் நல்ல சுகம். ஒஸ்லோவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது, முழங்கால் நோவு அப்படியேதான், அந்தக் காலோடுதான் சனிக்கிழமை ஒரு வேலை பார்த்தேன், திட்டாதே. உனக்கு முதலில் பேசியிருந்த சாரங்கனுக்குக் கலியாணம் முடிந்தது. தாலி அறுத்தவள் மணவறைக்கு முன்னால் நிற்கக் கூடாது என்று அவன் தாய் பாலாம்பிகை என்னைச் சொன்னதும், அம்மா நிற்காத இடத்தில் எனக்குக் கலியாணம் வேண்டாம் என்று நீ முறித்துக்கொண்டு வந்ததும், பிறகு அவள் உன்னை வாய்க்காரி என்று கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்ததும் எனக்கு இன்னும் நெஞ்சில் எரிகிறது. பழைய தொழிற்சாலைக் கால்வாயின் கல் வளைவுப் பாலத்தில் மாப்பிள்ளை பொம்பிளைக்குப் படம் எடுக்கப் போவதாகப் படக்காரன் அருமைராசா வாய் தவறிச் சொல்லிவிட்டான். நான் தையல் வேலைக்கு நடந்த பாலம் அது, ஒடுக்கம், எதிரே ஆள் வந்தால் விலக இடமில்லை. நான் வெள்ளைச் சேலை கட்டுவதில்லை, உனக்குத் தெரியும். அன்று கட்டினேன். அவர்கள் அந்தக் கரையால் ஏற நான் இந்தக் கரையால் ஏறினேன்.

நடுப்பாலத்தில் நேருக்கு நேர். பாலாம்பிகையின் முகம் கறுத்ததைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது, ஏன் மறைக்க வேண்டும். மலரக்கா, நல்ல காரியத்துக்கு வந்த இடம், கொஞ்சம் அங்காலை போங்கோ என்றாள். பொதுப் பாதைதானே, கால் நோகுது, ஆறுதலாத்தான் போவன் என்றேன். பொம்பிளை இங்கேயே பிறந்து பிரெஞ்சில் படித்த பிள்ளை, அவளுக்குச் சகுனமும் தெரியாது ஒன்றும் தெரியாது. யாரோ மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்று நினைத்துக் குனிந்து என் காலைத் தொட்டாள். பிறகு கையைப் பிடித்து நடுவில் நிறுத்தி, அன்ரி, எங்களோடை ஒரு படம் எடுங்கோ என்றாள். சாரங்கன் நிலத்தைப் பார்த்தான், நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அந்தப் பிள்ளையை மனதார வாழ்த்தினேன், அவளில் எனக்கென்ன கோபம். ஆனால் கலியாணப் பட அல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் பாலாம்பிகை என்னைப் பார்த்து வேகட்டும்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். செப்டெம்பரில் உன் கலியாணத்துக்கு, இந்த முறை குழப்பம் வேண்டாம், உங்களுக்குப் பதிலா வசந்தினிச் சித்தி மணவறைக்கு முன்னுக்கு நிற்கட்டுமே, மாப்பிள்ளை வீட்டார் அப்பிடித்தான் விரும்பினம் என்று எழுதியிருக்கிறாய். முன்பின் தெரியாத ஒரு பெண் கையைப் பிடித்து என்னை நடுவில் நிறுத்தினாள். நான் பெற்ற பிள்ளை நீ, என்னை எங்கே நிறுத்தப் போகிறாய் என்று எழுது.

கண்ணூறு படாமல் நீடூழி வாழ்க. இரும்புச்சத்துக் குளிசையை மறக்காதே. விமான ரிக்கெற் எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
செல்வமலர்